ஏட்டுச் சுரைக்காய்க்கு வரி: ஆம்ஸ்டர்டமா, டப்ளினா?

ஐந்து ஆண்டுப் பணிக்கு ஆம்ஸ்டர்டம் அல்லது டப்ளின், எது வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். டப்ளின் என்று சொல்லிவிட்டேன். வாடகை இரண்டு ஊரிலும் அதிகம், குளிரும் அப்படித்தான். மகளின் படிப்புக்கு ஆங்கிலம் புழங்கும் ஊர் வசதி. ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது, விற்காத முதலீட்டின் மீது அந்த நாடுகள் கேட்கும் வரி.

நானும் மனைவியும் 11 ஆண்டுகளாக மாதம் 600 சிங்கப்பூர் வெள்ளியை இடிஎஃப்பில், அதாவது பல நிறுவனப் பங்குகளைச் சேர்த்து வைத்து, சந்தையில் பங்குபோலவே விற்கப்படும் நிதியில், போட்டு வருகிறோம். சிங்கப்பூரில் மூலதன ஆதாய வரி, அதாவது முதலீட்டை விற்ற லாபத்துக்கு வரி, கிடையாது. அதனால் விலை ஏறினாலும் இறங்கினாலும் வரியை நினைத்ததே இல்லை. தேக்காவில் மளிகைக்கடை நடத்திய என் மாமனாரிடம் விஷயத்தைச் சொன்னேன். "கடையில் இருக்கும் அரிசி விலை ஏறினால் அதற்கா வரி கட்டுவது, மாப்பிள்ளை? விற்றால்தானே காசு?" என்றார். எனக்கும் அதே கேள்விதான்.

நெதர்லாந்தில் முதலீட்டுக்கு உத்தேச வருமானம் ஒன்றைக் கணித்து அதன்மேல் வரி போட்டு வந்தார்கள். அந்த முறை செல்லாது என்று 2021 டிசம்பர் 24 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு மாற்றாக, 2028 முதல் என்று முன்வைக்கப்பட்ட திட்டத்தில் பங்குகள் விற்காமலேயே இருந்தாலும் ஆண்டுதோறும் ஏற்றத்துக்கு 36 விழுக்காடு வரி. ஒருவருக்கு முதல் 1,800 யூரோ ஏற்றத்துக்கு விலக்கு உண்டு. சேமிப்பு சிறியதாக இருந்தால் இந்த விலக்கே பெரும்பகுதியைக் காப்பாற்றிவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என் பயம், கொரோனாவால் சந்தை சரிந்த 2020இலிருந்து வருகிறது. 2019 முடிவில் எங்கள் கணக்கில் 45,000 வெள்ளி இருந்தது. அந்த ஓராண்டின் ஏற்றம் மட்டும் சுமார் 8,000. மார்ச் 23 அன்று கைப்பேசியைத் திறந்தால் 31,000. போட்ட பணத்தையும்விடக் குறைவு. இந்தத் திட்டம் அப்போது எங்களுக்கு இருந்திருந்தால், டிசம்பர் கணக்கின்படி, இருவரின் விலக்கும் போக, ஏறத்தாழ 900 வெள்ளி கட்ட வேண்டியிருந்திருக்கும். எங்கள் ஒன்றரை மாதச் சேமிப்பு அது. கையில் பணம் இல்லையென்றால் அடிமாட்டு விலைக்கு விற்றுத்தான் கட்டியிருக்க வேண்டும். இழப்பை வரும் ஆண்டுகளின் ஆதாயத்தில் கழித்துக்கொள்ளலாம். கட்டியது திரும்பி வராது. வாடகைக்கு விட்ட வீட்டின் விலை ஏற்றத்துக்கோ விற்ற பிறகுதான் வரி. மாதச் சம்பளத்தில் சிறுகச் சிறுகப் போடுகிறவரை மட்டும் ஆண்டுதோறும் பிடிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அயர்லாந்தும் விற்காத ஆதாயத்தை விட்டுவைக்கவில்லை. இடிஎஃப்பை வாங்கி எட்டு ஆண்டு ஆனதும், அன்று விற்றதாகவே கொண்டு வரி கேட்கிறது. 41 விழுக்காடாக இருந்ததை 2026 முதல் 38 ஆக்கியிருக்கிறார்கள். விகிதம் நெதர்லாந்தைவிட அதிகம். ஒரு நிதியில் வந்த இழப்பை இன்னொன்றின் ஆதாயத்தில் கழிக்கவும் முடியாது. பின்னர் உண்மையிலேயே விற்கும்போது, முன்பு கட்டிய வரியைக் கழித்துக்கொள்வார்கள். தனிப் பங்குகளுக்கு இந்த எட்டாண்டு விதி இல்லை, விற்றால் மட்டும் 33 விழுக்காடு.

இருந்தும் டப்ளின் பக்கம் சாய்ந்தேன். வரி என்றைக்கு வரும் என்பது எட்டு ஆண்டுக்கு முன்பே தெரியும். அதுவரை முழுப் பணமும் வளரும். சந்தை விழுந்த மாதத்தில் வரிக்காக ஓட வேண்டியதில்லை. தொல்லை ஒன்று உண்டு: ஒவ்வொரு மாதத் தவணைக்கும் எட்டாண்டுக் கணக்கு தனித்தனியாக ஓடும். அதனால் சென்ற வாரம் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, 130க்கும் மேற்பட்ட தவணைகளில் சேர்த்ததை ஒரே நாளில் விற்று, மறுநாளே திரும்ப வாங்கினோம். இங்கே இருக்கும்போதே விற்றதால் பழைய ஆதாயத்துக்கு வரி இல்லை. இனி அத்தனைக்கும் ஒரே தேதி.

ஐந்து ஆண்டில் திரும்பிவிடுவதாகத்தான் எண்ணம். நீண்ட காலம் அங்கே வாழ்ந்து பார்த்த அனுபவம் எனக்கு இல்லை. எட்டைத் தாண்டித் தங்கினால் என் கணக்கு மாறக்கூடும். அதற்காக மாதாந்திர 600இல் 100 வெள்ளியை இந்த மாதத்திலிருந்து தனி வைப்புக் கணக்கில் போடுகிறோம்.