கணுக்காலைக் கற்பிக்க வாங்கிய முப்பரிமாணச் செயலி: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

முப்பரிமாண உடற்கூற்றியல் செயலி ஒன்றின் ஆண்டுச் சந்தா இப்போது பாதி விலைக்கு வந்திருக்கிறது. அதைப் பார்த்த தோழி ஒருவர், பிசியோதெரபி மாணவர்களுக்குக் கால் பகுதியைக் கற்பிக்க அதை வாங்கலாமா என்று கேட்டிருந்தார். அதே செயலியைச் சில ஆண்டுகளாக வகுப்பிலும் சிகிச்சை அறையிலும் பயன்படுத்தி வருவதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன். திரையில் எப்படிச் சுழற்றுவது, எத்தனை உறுப்புகள் இருக்கின்றன என்பதையெல்லாம் விளம்பரமே சொல்லிவிடும்.

நரம்புகளைப் பொறுத்தவரை இந்தச் செயலிக்கு நான் நன்றிக்கடன் பட்டவள். முழங்காலின் வெளிப்புறத்தில், கீழ்க்காலின் வெளிப்புற எலும்பான ஃபிபுலாவின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு காமன் பெரோனியல் நரம்பு இறங்கும் இடத்தில் தோலை மட்டும் நீக்கிக் காட்டினால் போதும்; எலும்புக்கும் தோலுக்கும் நடுவே அதற்குக் காப்பு என்று ஏறக்குறைய எதுவுமே இல்லை என்பது மாணவர்களுக்கு ஒரே பார்வையில் விளங்கிவிடுகிறது. மாவுக்கட்டு அந்த இடத்தில் இறுகினால் பாதத்தை மேலே தூக்க முடியாமல் ஏன் தொங்கிப்போகிறது என்பதைத் தனியாக விளக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. கெண்டைக்காலின் குறுக்குவெட்டும் அதே அளவுக்கு நன்றாக இருக்கிறது. உறுதியான சவ்வுகளால் பிரிக்கப்பட்ட 4 அறைகளையும் தனித்தனி நிறத்தில் காட்டுவதால், அடிபட்ட காலின் ஓர் அறைக்குள் அழுத்தம் ஏறும்போது அது வெளியேற வழியில்லாமல் தசையையும் நரம்பையும் நெரிப்பதை மாணவர்கள் தாங்களாகவே ஊகித்துச் சொல்கிறார்கள். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1994இல் வெளியிட்ட, 1 மில்லிமீட்டர் இடைவெளியில் வெட்டிப் படம் பிடிக்கப்பட்ட ஆண் உடலின் குறுக்குவெட்டுகளை இதனோடு சேர்த்துக் காட்டினால் எம்.ஆர்.ஐ. படத்தைப் படிப்பதற்கான அடித்தளம் விழுந்துவிடும்.

என் பொறுமையைச் சோதிப்பது கணுக்கால். பாதத்தை மேலும் கீழும் அசைத்துக் காட்டும் காட்சியைத் திறந்தால் எலும்போடு எலும்பை இணைக்கும் ஜவ்வுகள் அனைத்தும் மறைந்துவிடுகின்றன; ஜவ்வுகள் தெரியும் காட்சிக்குத் திரும்பினால் பாதம் நேர்நிலையில் உறைந்து நிற்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வழியே இல்லை. ஒவ்வொரு புதுப்பிப்பிலும் இது சரியாகியிருக்கும் என்று எதிர்பார்த்துத் திறக்கிறேன்; தோலின் நிறமும் ஒளியும் மெருகேறியிருக்கின்றன, ஜவ்வுகள் அப்படியே இருக்கின்றன.

இதைச் சிறு குறை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை, ஏனென்றால் சுளுக்கு என்பதே அசைவில் நிகழ்வது. ஃபிபுலாவின் முன்விளிம்பிலிருந்து, குதிகால் எலும்பின் மேல் அமர்ந்திருக்கும் டேலஸ் எலும்புக்குச் செல்லும் முன்புற ஜவ்வு, பாதம் நேராக இருக்கும்போது ஏறக்குறையக் கிடைமட்டமாகப் படுத்திருக்கிறது; விரல்கள் கீழ்நோக்கிச் சாயச் சாய அது செங்குத்தாகத் திரும்பி விறைக்கிறது. டேலஸின் மேற்பகுதி முன்னால் அகலமாகவும் பின்னால் குறுகலாகவும் இருப்பதால், அதே நிலையில் மூட்டின் பிடிப்பும் தளர்கிறது. குதித்து இறங்குபவரின் பாதம் உள்நோக்கிப் புரளும்போது, குதிகால் எலும்புக்குச் செல்லும் ஜவ்வுக்கு முன்பாக இந்த முன்புற ஜவ்வே பெரும்பாலும் கிழிவதற்கு இதுதான் காரணம். உறைந்துபோன பாதத்தைக் காட்டி இதைக் கற்பித்தால் மாணவர் வெளிப்புற ஜவ்வுகள் மூன்றின் பெயர்களை மனப்பாடம் செய்வாரே தவிர, எந்த ஜவ்வைச் சோதிக்கப் பாதத்தை எந்த நிலையில் பிடிக்க வேண்டும் என்பதை அறியமாட்டார். காயங்களுக்கென்று இருக்கும் பகுதி இன்னும் மோசம்: லேசான இழுப்பு, பாதிக் கிழிசல், முழுக் கிழிசல் மூன்றுக்கும் வெளிக்கணுக்காலைச் சுற்றி ஒரே சிவப்புப் பூச்சு.

முழங்காலில் அசைவும் ஜவ்வும் சேர்ந்தே தெரிகின்றன என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் முழங்காலுக்குள் குறுக்காகச் செல்லும் ஏ.சி.எல். ஜவ்வை ஒற்றை நாடாவாக வரைந்து, கால் மடங்கும்போது அதை ரப்பரைப் போல நீட்டிவிட்டிருக்கிறார்கள். அதன் இரண்டு நார்க் கற்றைகளில் ஒன்று கால் நீட்டியிருக்கும்போதும் மற்றொன்று மடங்கியிருக்கும்போதும் இறுகுகின்றன என்ற அடிப்படையே அங்கே காணாமல் போய்விடுகிறது.

இந்த எரிச்சலில்தான் மருத்துவக் கருவிகள் விற்கும் கடையில் ஒரு பிளாஸ்டிக் கணுக்கால் மாதிரி வாங்கினேன். எலும்புகளின் நிறம் மட்டம், விளிம்புகள் தேய்த்துச் சீராக்கப்படாதவை. ஆயினும் வளையும் பட்டைகளால் ஜவ்வுகளைக் கட்டியிருந்ததால், பாதத்தைக் கீழே சாய்த்தவுடன் முன்பட்டை விரலுக்கடியில் விறைப்பதை ஒவ்வொரு மாணவரும் தொட்டு உணர முடிந்தது. அன்று வகுப்பில் எழுந்த கேள்விகளைச் செயலி ஒரு முறைகூட எழுப்பியதில்லை. இன்னொரு எதிர்பாராத மகிழ்ச்சி, 1858இல் வெளியான கிரேயின் உடற்கூற்றியல் நூலுக்கு ஹென்றி வான்டைக் கார்ட்டர் வரைந்த படங்கள். பதிப்புரிமை முடிந்துபோனதால் இலவசமாகவே கிடைக்கின்றன. பெயரைக் கோடு இழுத்து ஓரத்தில் எழுதாமல் பெரும்பாலும் எலும்பின் மீதும் தசையின் மீதுமே எழுதியிருப்பதால், கண் அலையாமல் உறுப்பிலேயே தங்குகிறது.

எக்ஸ்ரே தேவையா என்று முடிவு செய்ய உதவும் ஒட்டாவா விதிகளைக் கற்பிக்கும்போது இவற்றில் எதையுமே நான் எடுப்பதில்லை. கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்புகளின் பின்விளிம்பில், நுனியிலிருந்து 6 செ.மீ. உயரம் வரை அவரவர் காலிலேயே பென்சிலால் குறித்து அழுத்திப் பார்க்கச் சொல்கிறேன்.

ஆகவே தோழிக்கு என் பதில்: ஆண்டுச் சந்தா வாங்க வேண்டாம், பாதி விலைக்கும் வேண்டாம். நரம்புகளையும் குறுக்குவெட்டையும் மேலே நான் புகழ்ந்தது உண்மைதான், அதில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை. ஆனால் விளையாட்டுக் காயங்களோடு வருபவர்களில் பலர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டே வரும்போது, கணுக்காலைக் கைவிட்ட ஒரு செயலிக்கு மறுபடியும் பணம் கட்ட எனக்கு மனம் வரவில்லை. நரம்புப் பாடம் நடக்கும் மாதத்துக்கு மட்டும் மாதச் சந்தா கட்டிக்கொள்ளுங்கள். நான் ஆண்டுச் சந்தாவை நிறுத்திவிட்டு, அந்தத் தொகையில் ஏ.சி.எல். கற்றைகள் இரண்டும் தனித்தனியாக இருக்கும் முழங்கால் மாதிரி ஒன்றுக்கு அதே கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.