அரை பஸ்கியா, முழு பஸ்கியா: பாதித் தூரம் தூக்கினால் பலம் ஏறுமா?

ராயபுரத்தின் பழைய தேகப்பயிற்சிக் கூடங்களில் பஸ்கி எடுத்தவர்களுக்கு இந்தச் சண்டை புதிதல்ல. பாதியில் எழுந்தால் மாஸ்டர் அதைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார். "உட்காருடா, குதிகால்மேல உட்காரு" என்பார். இன்று அதே ராயபுரத்தில் பஸ்கி ஸ்குவாட் ஆகிவிட்டது. கம்பியில் 200 கிலோ ஏற்றித் தோளில் வைத்து, நாலு விரற்கடை இறங்கி எழுந்து, வீடியோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அதைப் பார்த்துச் சிரித்தவன்தான் நானும். பிறகு நானே பாதித் தூரம் தூக்கிப் பார்த்தேன், கொஞ்சம் கையைச் சுட்டுக்கொண்டேன், கொஞ்சம் பலனும் கண்டேன். எந்தத் தூக்கல், எந்த உயரம், கம்பி எந்த இடத்தில் மேலே போகாமல் மாட்டிக்கொள்கிறது என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. குனிந்து கம்பியைப் பிடித்துத் தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்டுக்குச் சொல்வது ஸ்குவாட்டுக்குப் பொருந்தாது.

டெட்லிஃப்டிலிருந்து ஆரம்பிக்கலாம், என் அனுபவம் அதில்தான் அதிகம். 45 செ.மீ. விட்டமுள்ள பெரிய ப்ளேட், அதாவது எடைத்தட்டு, மாட்டினால் கம்பி தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். அங்கிருந்து தூக்கினால் முழு டெட்லிஃப்ட். எடையைத் தாங்கும் இரும்புச் சட்டமான ரேக்கின் குறுக்குக் கம்பிகள்மேல் வைத்து முழங்கால் உயரத்திலிருந்து இழுத்தால் ரேக் புல். வித்தியாசம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் உலகின் பலசாலிகளைப் பாருங்கள். 2016-ல் எட்டி ஹால் தரையிலிருந்து தூக்கியது 500 கிலோ. 2022-ல் ரௌனோ ஹெய்ன்லா 18 அங்குல உயரத்திலிருந்து, அதாவது ஏறக்குறைய இரு மடங்கு உயரத்திலிருந்து, தூக்கியது 580 கிலோ. கம்பி முழங்காலைத் தாண்டும்போது முதுகு பாதி நிமிர்ந்துவிடுகிறது, இடுப்பும் கம்பிக்குக் கிட்டே வந்துவிடுகிறது. நெம்புகோல் கணக்கு நம் பக்கம் சாய்ந்துவிடும்.

மண்ணடி குடோன்களில் மூட்டை தூக்குபவர்களைப் பார்த்தால் இது இன்னும் எளிதாகப் புரியும். 75 கிலோ அரிசி மூட்டையைத் தரையிலிருந்து யாரும் தனியாகப் பிடுங்குவதில்லை. இரண்டு பேர் கை கொடுத்து முதுகில் ஏற்றிவிடுவார்கள். ஏறியபின் அவர் பாட்டுக்கு நடந்து போவார். நின்றபடி தாங்குவது ஒரு பலம், தரையிலிருந்து கிளப்புவது இன்னொரு பலம்.

இதை நான் புரிந்துகொண்டது தாமதமாகத்தான். 160 கிலோவில் எட்டு மாதம் மாட்டிக்கொண்டிருந்தேன். முழங்காலுக்கு மேலேயிருந்து ரேக் புல் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜிம்மில் ஒரு அண்ணன் சொன்னார். ஆறு வாரத்தில் 220 வரை போனேன். பிடி இறுகியது, தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் சதை தடித்தது, கெத்தாகவும் இருந்தது. ஏழாவது வாரம் தரையில் 165 வைத்தேன். அசையவே இல்லை.

என் கம்பி மாட்டிய இடம் தரை. நான் பழகிய இடமோ தொடை. எந்தக் கோணத்தில் பழகுகிறோமோ அதைச் சுற்றித்தான் பலம் அதிகம் ஏறும். தசை நீண்டிருக்கும் நிலையில் பழகினால் மற்றக் கோணங்களுக்கும் ஓரளவு பரவும். சுருங்கிய நிலையில், அதாவது தூக்கலின் மேல் முனையில் மட்டும் பழகினால், அந்தப் பரவல் குறைவு. அப்புறம் 130 கிலோவைத் தரையிலிருந்து நாலு விரல் கிளப்பி, இரண்டு நொடி அப்படியே நிறுத்தி, பிறகு முழுதாகத் தூக்க ஆரம்பித்தேன். எடை குறைவு, வீடியோவுக்கு லாயக்கில்லை, ஆனால் முதுகும் தொடையும் கதறும். ஒன்றரை மாதத்தில் 165 ஏறியது.

அப்படியானால் ரேக் புல் வீணா? கம்பி முழங்காலருகே வந்து நின்றுவிடுகிறவர்களுக்கு வீணில்லை. அவர்கள்கூட முழங்காலுக்குக் கீழே இரண்டு மூன்று விரற்கடை உயரத்திலிருந்து இழுப்பதே நல்லது, மாட்டும் இடத்தைக் கடந்து போகும் பழக்கம் வேண்டுமே. முழங்காலுக்கு மேலேயிருந்து இழுக்க வேண்டியவர், கடைசி நிமிர்வில் மட்டும் தோற்பவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஜிம்மில் அதிகம் பார்த்ததில்லை.

இதிலும் ரேக்கைவிட எனக்குப் பலகை பிடிக்கும். ரேக்கின் குறுக்குக் கம்பிகள், நாம் தூக்கும் தடியை இரு முனைக்கும் உள்ளே தாங்குவதால், இழுக்கும்போது தடி வளையும் விதம் மாறிவிடுகிறது. ப்ளேட்டுகளுக்குக் கீழே பலகை அடுக்கினால் தரையிலிருந்து தூக்கும்போது வளைவதைப் போலவே வளையும். தவிர, 200 கிலோவை இரும்பின்மேல் இரும்பாகப் போட்டால் தடி கெட்டுவிடும். எங்கள் பக்கம் உப்புக்காற்றே பாதியைத் தின்றுவிடுகிறது. காசிமேட்டில் படகு வேலையில் மிச்சம் விழும் கனமான மரத்துண்டுகள் இதற்கு அருமையானவை.

ஸ்குவாட் கதை வேறு. இதில் பாதித் தூரத்துக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு: 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் பளுதூக்கலில் தங்கம் வென்ற பால் ஆண்டர்சன். தரையில் குழி தோண்டி, அதில் நின்று, மேலே கிடக்கும் கனத்தைக் கொஞ்ச தூரம் மட்டும் தூக்குவார். பிறகு குழியை மெல்ல மெல்ல மண்ணால் நிரப்புவார். அவர் நிற்கும் இடம் உயர உயர, கம்பியைப் பிடிக்க இன்னும் ஆழமாக உட்கார வேண்டிவரும். பாதித் தூரம் அவருக்கு முழுத் தூரத்துக்குப் போகும் படிக்கட்டு. நம் ஆட்கள் பலர் முதல் படியிலேயே பாய் விரித்துப் படுத்துவிடுகிறார்கள்.

தொடை வளர வேண்டுமென்றால் ஆழமாக உட்காருவதே மேல். எடை தூக்கும் போட்டியான பவர்லிஃப்டிங்கில் மேடை ஏறுகிறவருக்குக் கேள்வியே இல்லை: இடுப்பு மடிப்பு முழங்காலின் மேல்பகுதியைவிடக் கீழே போகாவிட்டால் தூக்கல் செல்லாது. ஆனால் வியாசர்பாடிப் பையன்களைப் போலப் பந்துக்குப் பின்னால் ஓடுகிறவர்களுக்குக் கால் பாகம் இறங்கும் கனமான ஸ்குவாட் பயன்படும். ஓடும்போதும் எம்பும்போதும் முழங்கால் அந்த அளவுதானே மடங்குகிறது? ஏற்கெனவே பயிற்சியில் இருந்த விளையாட்டு வீரர்களிடம் இதைச் சோதித்தபோது, ஓட்டத்திலும் எம்பலிலும் கால் பாக ஸ்குவாட் செய்தவர்கள் முன்னேறிய ஆய்வு உண்டு. அவர்களும் முழு ஸ்குவாட்டை விட்டுவிட வேண்டாம், கூடவே சேர்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று. கால் பாகம் இறங்கினாலும் முதுகெலும்புக்குத் தள்ளுபடி கிடையாது. 200 கிலோ தோளில் இருந்தால் 200 கிலோவும் முதுகில்தான். பாதுகாப்புக் கம்பி போடாமல், பின்னால் ஒரு தம்பியை மட்டும் நிறுத்திக்கொண்டு செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அந்தத் தம்பி என்ன செய்வான், பாவம்.

மல்லாந்து படுத்துக் கம்பியை மார்பிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் சொல்ல அதிகமில்லை. மார்புமேல் பலகை வைத்தோ, ரேக் கம்பியிலிருந்தோ மேல்பாதியை மட்டும் அழுத்துவது, கை நீட்டும் இடத்தில் மாட்டுபவருக்கு உதவும். கீழே இறக்கினால் தோள் வலிக்கிறது என்பவருக்கும் ஒரு தற்காலிக வழி. முதுகை வில்லாக வளைத்துத் தூரத்தையே சுருக்கும் வித்தை மேடைகளில் எல்லை மீறியதால், 2023-லிருந்து சர்வதேசப் பவர்லிஃப்டிங் கூட்டமைப்பு முழங்கை எவ்வளவு இறங்க வேண்டும் என்பதற்கும் விதி போட்டுவிட்டது.

அளவு கேட்டால் என் கணக்கு இது. உடல் எடையைப்போல் ஒன்றரை மடங்கைத் தரையிலிருந்து ஒழுங்காகத் தூக்க முடியாதவர் பாதித் தூரத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். முடிந்தவர், முழுத் தூக்கலை முடித்த பிறகு, தொடர்ந்து மூன்று முறை தூக்குவதை ஒரு செட் என்று வைத்து, இரண்டு செட், பத்து நாளைக்கு ஒருமுறை. எடை, முழுத் தூரத்தில் முடிந்த அதிகபட்சத்தைவிடப் பத்து சதவீதம் கூட. ஐந்தாறு வாரம் போதும், பிறகு நிறுத்திவிட்டுத் தரையிலிருந்து சோதிக்க வேண்டும். 220-க்கு ஓடிய ஆறு வாரத்தில் எனக்குத் தூக்கம் கெட்டது, முழு ஸ்குவாட்டும் பத்து கிலோ இறங்கியது.

இப்போது பலகையை மாதத்தில் மூன்று நாள்தான் எடுக்கிறேன். ஓரத்தில் பேனாவால் என் பேர்கூட எழுதி வைத்திருக்கிறேன். ஆனாலும் தேவைப்படும் நாளில் அது ஜிம் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்கும்.