கார்டு கடன வாங்கி டெபாசிட்ல போட்டேன்: மூணு வருஷ அனுபவம்

கிரெடிட் கார்டு பணத்த எடுத்து டெபாசிட்ல போட்டு வட்டி சம்பாதிக்கலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க, நான் மூணு வருஷமா செஞ்சு பாத்தவன்ங்கறதால கணக்கோட சொல்றேன்.

ஆரம்பத்துல பண்ணது சிம்பிள். மாசச் செலவு எல்லாத்தையும் கார்டுல தேய்ச்சிட்டு சம்பளத்த சேவிங்ஸ் அக்கவுண்ட்லயே விட்டுடுவேன், டியூ டேட்டுக்குள்ள முழு பில்லும் கட்டிடுவேன். ஸ்டேட்மெண்ட் (மாச பில்) போட்ட மறுநாள் வாங்குற பொருளுக்கு 45, 50 நாள் வரைக்கும் வட்டி கிடையாது. கைல நின்ன வட்டி ரொம்ப சின்னது, ஆனா நஷ்டம் ஒரு தடவ கூட இல்ல.

அப்புறம்தான் ஆசை வந்துச்சு. ஒரு பேங்க்ல கார்டு மேல கடன், 0% வட்டி, 12 மாசத் தவணை, ஃபீஸ் மட்டும் 3%னு ஆஃபர் வந்துச்சு, ஒரு லட்சம் எடுத்து அப்படியே 6.5% டெபாசிட்ல போட்டேன். வருஷக் கடைசில வட்டி 6,500, ஃபீஸ் 3,000, அப்போ 3,500 லாபம்னு சந்தோஷமா இருந்தேன். இந்தக் கணக்கு தப்புன்னு புரியவே எனக்கு ரொம்ப நாளாச்சு. ஏன்னா மாசாமாசம் தவணை கட்டறோம்ல, கடன் குறைஞ்சிட்டே வருது, வருஷம் முழுக்க சராசரியா பாத்தா நம்மகிட்ட இருந்த கடன் பணம் 54,000 தான், மீதி என் சம்பளத்துலேர்ந்து கட்டுன என் சொந்தப் பணம், அத டெபாசிட்ல போட்டிருந்தா கார்டே இல்லாம அந்த வட்டி வந்திருக்கும். கடனுக்குன்னு வந்த வட்டி சுமார் 3,500, அதுல ஃபீஸ் 3,000 போயிடுச்சு, மிச்சம் 500 சொச்சம், அதுவும் வரிக்குப் போயிடுச்சு. 0%னு சொன்ன கடனோட நிஜ வட்டி வருஷத்துக்கு 5.5% கிட்ட வருது, இத யாரும் விளம்பரத்துல சொல்ல மாட்டாங்க.

ரெண்டாவது தடவ எடுத்தப்போ ஒரு தவணை சில நாள் லேட்டாயிடுச்சு. கண்டிஷன்படி ஆஃபரையே கேன்சல் பண்ணிட்டாங்க, பாக்கி இருந்த 60,000க்கு மாசம் 3% வட்டி, அதாவது ஒரே மாசத்துக்கு 1,800, லேட் ஃபீஸ் தனி. மாசம் 3%ன்னா கேக்க சின்னதா இருக்கும், கூட்டு வட்டில வருஷத்துக்கு 42% தாண்டுது, கட்டாம விட்டா ரெண்டு வருஷத்துல கடன் டபுள். இன்னொண்ணு, பழைய பாக்கி இருக்கறப்போ புதுசா வாங்குற பொருளுக்கும் வாங்குன அன்னிலேர்ந்தே வட்டி ஓடும், அந்த 45 நாள் சலுகை போயிடும். ஏடிஎம்ல கார்டு போட்டு காசு எடுத்தாலும் அதே கதைதான், முதல் நாளே வட்டி.

கடன் பணத்துல ஷேரும் வாங்குனேன், மார்க்கெட் இறங்குனப்போ தவணைக்காக நஷ்டத்துல வித்தேன். சொந்தப் பணமா இருந்திருந்தா ஏறற வரைக்கும் காத்திருந்திருப்பேன். தயவுசெஞ்சு இத மட்டும் பண்ணாதீங்க. கார்டு லிமிட்ல முக்கால்வாசி கடனா நின்னதால கிரெடிட் ஸ்கோரும் (கடன் குடுக்கறதுக்கு முன்னாடி பேங்க் பாக்கற மார்க்) இறங்கிச்சு, வீட்டுக் கடனுக்கு அப்ளை பண்ற நேரத்துல அது ரொம்பவே வலிச்சுது.

இப்போ பழையபடி முதல் முறை மட்டும்தான், முழு பில்லுக்கும் ஆட்டோ டெபிட் போட்டு வெச்சிருக்கேன், தவணை ஆஃபர் மெசேஜ் வந்தா திறக்காமலே அழிச்சிடறேன்.