மூன்று பக்கமும் இழை வைத்த பிரஷ்: சிறப்புக் குழந்தைகளுக்கு எவ்வளவு பயன்?

பல்லின் வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு ஆகிய மூன்றையும் ஒரே இழுப்பில் தேய்க்கும்படி, நடுவில் குட்டையான இழைகளும் இரு ஓரங்களிலும் உள்நோக்கி வளைந்த நீளமான இழைகளும் கொண்ட பிரஷ்கள் இப்போது இணையக் கடைகளில் கிடைக்கின்றன. ஆட்டிசம் உள்ள எங்கள் மகனுக்காக அப்படியொன்றை வாங்கிச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். சாதாரணக் குழந்தைகள் பிரஷ் மூன்று நான்கு வாங்கும் விலை இதற்கு ஆகிறது; அந்த விலைக்குத் தகுமா என்பதுதான் கேள்வி.

இதன் பெரிய லாபம் நேரம். வாய்க்குள் எதுவும் படுவதைப் பொறுக்காத பிள்ளை வாயைத் திறந்து வைத்திருக்கும் அரை நிமிடத்துக்குள், சாதாரண பிரஷ்ஷால் மேல்வரிசையின் வெளிப்புறத்தை முடிப்பதே பெரும்பாடு. நாக்கை ஒட்டிய உட்புறம் நாள்கணக்கில் தொடப்படாமலே போய்விடும். இந்தப் பிரஷ்ஷைப் பல்வரிசையின் மேல் சேணம் போல அமர்த்தி முன்னும் பின்னும் சிறிதளவு நகர்த்தினால் போதும், உட்புறமும் சேர்ந்து தேய்பட்டுவிடுகிறது. அவனைத் தரையில் உட்காரவைத்து, நான் பின்னால் நாற்காலியில் அமர்ந்து, அவன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு தேய்க்கிறேன். ஒவ்வொரு பகுதிக்கும் பத்து வரை உரக்க எண்ணுவதால் எப்போது முடியும் என்பது அவனுக்குத் தெரிகிறது; எட்டு வந்ததும் மீதி இரண்டையும் அவனே அவசரமாகச் சொல்லி முடித்துவிடுவான். முதல் சில நாள்கள் பேஸ்ட் இல்லாமல் வெறும் பிரஷ்ஷைக் கையில் கொடுத்து, உதட்டில் மட்டும் தொட்டுப் பழக்கிய பிறகே இது கைகூடியது.

குறைகளும் உண்டு. தலைப்பகுதி பருமனாக இருப்பதால், வாய் சிறியதாகவும் அண்ணம் குறுகலாகவும் இருக்கும் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் சிலருக்கு ஓங்கரிப்பு வரலாம். பல் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நெருக்கமாக இருந்தால் ஓர இழைகள் ஈறோரத்தைச் சரியாகத் தொடுவதில்லை. எல்லாவற்றிலும் முக்கியமானது ஆறு வயதை ஒட்டி முளைக்கும் முதல் நிலையான கடைவாய்ப் பல். பால்பற்களுக்குப் பின்னால், அவற்றைவிடத் தாழ்வான மட்டத்தில் அது மெல்ல எழும்பிக்கொண்டிருக்கும் மாதங்களில், இந்தப் பிரஷ்ஷின் நடு இழைகள் அதன் மேற்பரப்பை எட்டுவதே இல்லை. விழுந்தால் மீண்டும் முளைக்காத அந்தப் பல்லில்தான் சொத்தை எளிதில் பிடிக்கிறது என்பதால், அதற்கு மட்டும் சிறிய தலை கொண்ட சாதாரண பிரஷ்ஷைக் குறுக்காக வைத்துத் தேய்க்க வேண்டியிருக்கிறது. கடிக்கும் பழக்கமுள்ள பிள்ளை என்றால் இழைகள் மூன்று மாதம் தாங்காது. எங்கள் வீட்டில் ஓர இழைகள் சீக்கிரமே வெளிப்பக்கமாக விரிந்துவிட்டன. விரிந்தபின் பல்லை அணைத்துக்கொள்ளும் அந்த அமைப்பே போய்விடுகிறது.

பேஸ்ட்டைப் பற்றி உறையில் ஒரு வரியும் இல்லை. மூன்று வயதுக்குள் அரிசி மணியளவும், மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவும் ஃப்ளூரைடு பேஸ்ட் போதும் என்பது பல் மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. துப்பத் தெரியாத பிள்ளைக்கு வயது கூடினாலும் அளவைக் கூட்டாமல், தேய்த்தபின் ஈரத்துணியால் வாயைத் துடைத்துவிடுவது நல்லது. பேஸ்ட்டை மேலே வைக்காமல் இழைகளுக்குள் அழுத்திவிட்டால் நாக்கில் கட்டியாக விழாது. புதினா காரமும் நுரையும் பிடிக்காத பிள்ளைகளுக்கு இது பெரிய நிம்மதி. தருமபுரி, கிருஷ்ணகிரி போலக் கிணற்று நீரிலேயே ஃப்ளூரைடு மிகுந்த பகுதிகளில் வசிப்பவர்கள் எந்தப் பேஸ்ட் என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

விளம்பரங்கள் சொல்வதுபோல இது பல் மருத்துவரிடம் போகும் வேலையை மிச்சப்படுத்தாது. வலிப்புக்கு ஃபெனிடாயின் எடுக்கும் குழந்தைகளுக்கு ஈறு தடித்து வளர்வது அம்மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. நன்றாகத் தேய்ப்பது அதைக் குறைக்க உதவும் என்றாலும், தடித்த ஈறை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். இரவில் இனிப்பு சிரப் குடித்துவிட்டுத் தூங்கும் பிள்ளைக்கு எந்தப் பிரஷ் வாங்கினாலும், மருந்துக்குப் பிறகு தேய்க்காவிட்டால் பயனில்லை.

பிள்ளை தானாகவே ஓரளவு தேய்த்துக்கொள்கிறான் என்றால் இந்தச் செலவு தேவையில்லை. பெற்றோரோ பராமரிப்பவரோ தேய்த்துவிட வேண்டிய நிலையில், குறிப்பாக மூளை முடக்குவாதத்தால் தலை நிலையாக நிற்காத குழந்தைகளுக்கு, தயங்காமல் வாங்கலாம். மொத்தமாக நான்கைந்து அடங்கிய பொட்டலம் விலை மலிவாகத் தெரிந்தாலும், முதலில் மென்மையான இழையும் சிறிய தலையும் கொண்ட ஒன்றை மட்டும் வாங்கி, பிள்ளையின் கடைவாய் வரை போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாய்க்குள் போன பிரஷ்ஷைக் கடைக்காரர்கள் திரும்ப வாங்குவதில்லை.