40 கொடுத்தோம், 37 வந்தது: பிளாஸ்ட் விடைக்கு எந்த வடிவம்?

அம்பாசமுத்திரத்து வயல் மண்ணில் பிரித்தெடுத்த 40 டிஎன்ஏ வரிசைகளை, நாங்களே திரட்டிய சிறு தரவுத்தளத்தில், ஒத்த வரிசைகளைத் தேடித் தரும் பிளாஸ்ட் என்ற நிரலைக் கொண்டு தேடினோம். விடை அட்டவணையில் 37 பெயர்கள்தான் இருந்தன. "சார், மூன்றைக் காணவில்லையே" என்றாள் மாணவி. மதியம் முழுவதும் கோப்பைத் திறப்பதும் மூடுவதுமாகப் போயிற்று.

பிளாஸ்ட் தன் விடையைப் பல வடிவங்களில் எழுதித் தரும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். குற்றவாளி அதில் 6ஆம் வடிவம். தலைப்பு வரிகூட இல்லாத 12 பத்திகள். எக்செல் உடனே திறந்துவிடும். எனக்கும் அது பிடித்த வடிவம்தான். ஆனால் பொருத்தம் கிடைக்காத வரிசைக்கு அதில் ஒரு வரிகூட விழாது. தேடிக் கிடைக்காததும் தேடவே தேடாததும் அங்கே ஒன்றுதான். 7ஆம் வடிவம் குறிப்பு வரிகளைச் சேர்த்து, பொருத்தம் 0 என்றாவது சொல்லிவிடுகிறது.

5ஆம் வடிவமான எக்ஸ்எம்எல் ஒவ்வொரு தகவலுக்கும் பெயர்க்குறி போட்டு வளவளவென்று பேசும், கோப்பும் ஊதிவிடும். ஆனாலும் வெறுங்கையோடு திரும்பிய வரிசையையும் பெயர் சொல்லி எழுதி வைக்கும்.

இவற்றைப் படித்து நிரலுக்குள் வைத்துக்கொள்ள, உயிரியல் தரவுக்கான பைத்தான் நிரல் தொகுப்பான பயோபைத்தானில், 2013இல் வந்த சர்ச்ஐஓ என்ற பகுதி இருக்கிறது. கன்னடியன் கால்வாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்கு அதன் அடுக்கு எளிதில் பிடிபடும். அணை, கால்வாய், குளம், மடை என்று தண்ணீர் இறங்குவதுபோல, தேடிய வரிசை, அதற்குப் பொருந்தியவை, பொருந்திய பகுதிகள், அவற்றின் துண்டுகள் என்று நான்கு படிகள்.

எனக்குப் பெரிய ஆறுதல் எண்களில்தான். டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் எதிர் இழையில் பொருந்தினால் அட்டவணை தொடக்கம் 900, முடிவு 301 என்று தலைகீழாக எழுதும். நீளம் கணக்கிட்டுக் கழித்தல் குறி வந்து நிற்கும் புதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சர்ச்ஐஓ அதையே 300, 900 என்று நேராக்கி, இழை -1 என்று தனியே குறிக்கிறது. எண்ணிக்கை 0இல் தொடங்குவதால் கழித்தால் சரியாக 600. அட்டவணை எண்களோடு ஒப்பிடும்போது மட்டும் அந்த ஒன்றை மறந்துவிடக் கூடாது.

ஆனால் 6ஆம் வடிவத்தை ஊட்டினால் சர்ச்ஐஓவும் கைவிரிக்கும். அணையிலேயே திறக்காத தண்ணீர் மடைக்கு எப்படி வரும்?

அதனால் இப்போது எக்ஸ்எம்எல்லில் வாங்கி, சர்ச்ஐஓவில் பிரித்து, வரிசைக்கு ஒரு சிறந்த பொருத்தம் என்று நாங்களே அட்டவணை எழுதிக்கொள்கிறோம். அதில் 40 வரிகள். மூன்றில் "பொருத்தம் இல்லை" என்று இருக்கிறது. மாணவி இப்போது அந்த மூன்றைத்தான் குடைந்துகொண்டிருக்கிறாள்.