இன்ஜின் போய்விட்டது: ரிப்பேரா, மாற்றலா?

கார் சூடேறி நின்றுவிட்டால், இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்க்கும்வரை எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

செலவு: ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் மட்டும் போயிருந்தால் ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டம் பார்த்துச் சீவி, புது கேஸ்கெட் போட்டாலே போதும், ரிப்பேர்தான் மலிவு. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு உடைந்து, இன்ஜினின் உடலான பிளாக்கையே துளைத்திருந்தால் இன்ஜினையே மாற்றிவிடுங்கள்.

நீடித்த உழைப்பு: ரீபோர் செய்து (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சீராக்கி) பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும். சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய இன்ஜினில் அது தெரியாது, கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள்!

அலைச்சல்: மாற்றுவது சீக்கிரம் முடியும், ஆனால் இன்ஜின் நம்பர் மாறுவதால் ஆர்டிஓவில் ஆர்சியைத் திருத்த வேண்டும், இன்ஜின் வாங்கிய பில் முக்கியம்.

பாடி நன்றாக இருந்து, இன்னும் பல வருடம் ஓட்டப்போகிறீர்கள் என்றால் ரீபோர். பிளாக் போய், வண்டியும் உடனே வேண்டுமென்றால் மாற்றல்.