நகைக்கடன் எழுதுபவள் வாங்கிய கல்விக்கடன்

முசிறி பக்கம் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். வாழை போடுகிறவர்களுக்குப் பயிர்க்கடன், பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம் வந்துவிட்டால் நகைக்கடன். பத்தொன்பது வருஷமாக மற்றவர்களுக்குக் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்த நான், 2019இல் முதன்முறையாக மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். மகளின் படிப்புக்காக ஒரு பொதுத்துறை வங்கியில் வாங்கிய 6 லட்சம் ரூபாய் கல்விக்கடனைப் பற்றித்தான் எழுதுகிறேன். வங்கியின் பெயர் வேண்டாம். இந்தக் கடனின் விதிகள் எல்லாப் பொதுத்துறை வங்கிகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான், இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டம்.

மகளுக்கு ஜேஇஇ நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணில் திருச்சி என்ஐடியில், அதாவது தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில், இடம் கிடைத்தது. துவாக்குடி, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். மத்திய அரசு நடத்தும் கல்லூரி, கட்டணம் பெரிதாக இருக்காது என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். 2016இலிருந்து என்ஐடிகளில் கல்விக் கட்டணம் வருஷத்துக்கு 1,25,000 ரூபாய், செமஸ்டருக்கு 62,500. இதில் எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு முழு விலக்கு. மற்றவர்களில் குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குள் இருந்தால் முழு விலக்கு, 1 முதல் 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு விலக்கு.

எங்கள் வருமானம் 5,36,000. என் சம்பளம் 2,28,000. வீட்டுக்காரர் கோரைப் பாய் நெசவுக்கூடத்தில் மேற்பார்வையாளர், அவருக்கு 3,08,000. அந்த வருஷம் எனக்குப் பஞ்சப்படி நிலுவை மொத்தமாக வந்தது. வந்த அன்று கோயிலுக்குப் பாலபிஷேகத்துக்குப் பணம் கட்டினேன். வருமானச் சான்று எடுக்கப் போனபோதுதான் அந்த நிலுவை எங்களைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டது தெரிந்தது. 5 லட்சத்துக்குள் இருந்திருந்தால் வருஷத்துக்கு 41,667 ரூபாய் கட்டினால் போதும். 36,000 கூடுதலாக வந்ததால் 1,25,000 கட்ட வேண்டும். நான்கு வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 3,33,000 ரூபாய் வித்தியாசம்.

வேறு உதவிகளும் எட்டவில்லை. கல்விக்கடனுக்குப் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டத்துக்கு வருமான வரம்பு 4.5 லட்சம். முதல் பட்டதாரி சலுகை கேட்க வழியில்லை, நான் பி.காம். "80இ பிரிவில் கடன் வட்டிக்கு வரிச் சலுகை உண்டே" என்று ஆடிட்டர் அலுவலகத்தில் சொன்னார்கள். 2019 இடைக்கால பட்ஜெட்டில் 5 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று ஆகிவிட்டது. நானும் அவரும் தனித்தனியாக அந்த வரம்புக்குள். வரியே இல்லாதவருக்கு வரிச் சலுகை எதற்கு?

இ-சேவை மையத்துத் தம்பி ஒரு வழி சொன்னான். "அக்கா, சாரோட வருமானத்தைக் கொஞ்சம் கொறைச்சுக் காட்டிக்கலாம். எல்லாரும் அப்படித்தான் எடுக்கறாங்க." அன்று இரவு தூங்கவில்லை. 3 லட்சம் சின்னத் தொகை இல்லை. ஆனால் சங்கத்தில் யாராவது சிட்டா அடங்கலில் ஏக்கரைக் கூட்டிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்புகிற ஆள் நான்தான். என் கையெழுத்தில் நம்பிக்கை வைத்துத்தான் ஊரில் கடன் ஓடுகிறது. உள்ள வருமானத்தை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

கல்விக் கட்டணம், விடுதி, மெஸ் எல்லாம் சேர்த்து நான்கு வருஷத்துக்கு 8 லட்சம் என்று போட்டோம். 6 லட்சம் கடன், மீதி கைப்பணம். 4 லட்சத்துக்கு மேல் கடன் என்றால் 5 சதவீதம் மார்ஜின், அதாவது நம் பங்கு, காட்ட வேண்டும். எங்கள் கைப்பணமே அதைவிட அதிகம்.

இனி வங்கிக் கிளை. எங்கள் சேமிப்புக் கணக்கு இருக்கும் கிளையில் மேலாளர் விண்ணப்பத்தைத் தொடவே இல்லை. "காலேஜ் பக்கத்து பிராஞ்ச்ல கேளுங்க, அங்கதான் குடுப்பாங்க" என்றார். அங்கே போனால், "உங்க ஊர் பிராஞ்ச்லதான் வாங்கணும்." ஒரு நாள் சம்பளம் போனது. வீட்டு முகவரி கிளையின் எல்லைக்குள் வரவில்லை என்ற காரணத்தால் கல்விக்கடன் விண்ணப்பத்தை மறுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதை அச்செடுத்துக்கொண்டு மறுபடி சொந்தக் கிளைக்கே போனேன். வாங்கிக்கொண்டார். ஆனால் அடுத்த கேள்வி: "நிலம் இருக்கா? பட்டா கொண்டாங்க."

7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கத் தேவையில்லாத கடன் இது. 2015இலிருந்து அந்த அளவு வரை, கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு ஈடு தரும் அரசின் கடன் உத்தரவாத நிதியும் இருக்கிறது. எங்களிடம் இருப்பது 60 சென்ட், மாமனார் பெயரில். அதைக் கேட்டால் வீட்டில் என்ன பேச்சு கிளம்பும் என்று எனக்குத் தெரியும். "சார், முடியாதுன்னா முடியாதுன்னு எழுதிக் குடுங்க, மேல அனுப்பிக்கறேன்" என்றேன். கல்விக்கடனை மறுப்பதென்றால் அடுத்த மேல்நிலை அதிகாரியின் ஒப்புதலோடுதான் மறுக்க வேண்டும். நானும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவள்தானே, எந்தச் சொல்லுக்கு எந்தக் கோப்பு அசையும் என்று தெரியும். இது தெரியாத அப்பாக்கள் பட்டா எடுக்க வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைந்துகொண்டிருப்பார்கள் என்பதை நினைக்கும்போதுதான் இன்னமும் ஆத்திரம் வருகிறது.

பிறகு கோப்பு ஒரு இளம் அதிகாரியிடம் போனது. ஆந்திராக்காரப் பெண், தமிழ் பாதிதான் வரும். "அம்மா, இந்த பேப்பர் போதும், இது வேண்டாம்" என்று நான் கொண்டுபோன கட்டில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். பெண் பிள்ளைக்கு வட்டியில் அரை சதவீதம் குறைவு என்பதையும் அவர்தான் கணினியில் சரிபார்த்துப் போட்டார். அவர் கைக்குப் போன பிறகு பதினோரு நாளில் அனுமதிக் கடிதம். மொத்தமாகப் பார்த்தால் 47 நாள்.

அதற்குள் முதல் செமஸ்டர் கட்டணத்துக்குக் கெடு வந்துவிட்டது. ஆறு பவுன் சங்கிலியை எங்கள் சங்கத்திலேயே வைத்தோம். என் நகைக்கு நானே எழுதக்கூடாது, பக்கத்து இருக்கை அண்ணன்தான் எழுதினார். மதிப்பீட்டாளர் உரசிப் பார்க்கும்போது நான் வெளியே போய் நின்றுகொண்டேன். 80,000 ரூபாய். கல்லூரி ரசீதைக் காட்டியதும் வங்கி முதல் தவணையை எங்கள் கணக்கில் திருப்பிக் கொடுத்தது, சங்கிலி செப்டம்பரில் வீட்டுக்கு வந்தது. ஆகவே கடன் வாங்கப் போகிறவர்கள் முதல் செமஸ்டர் பணத்தைத் தனியாகப் புரட்டி வைத்துக்கொள்ளுங்கள். கட்டிய ஒவ்வொரு ரசீதும் பத்திரம்.

இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்ததே அடுத்த விஷயத்துக்காகத்தான்.

கடன் கிடைத்த அன்று கவுன்டரில், "படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் ஒண்ணும் கட்ட வேண்டாம்மா, நிம்மதியா இருங்க" என்றார்கள். பொய் இல்லை, கட்ட வேண்டிய கட்டாயம் இல்லைதான். ஆனால் முதல் தவணை வெளியே போன நாளிலிருந்து வட்டி ஓடுகிறது. படிக்கும் காலத்திலும் அதன்பின் ஒரு வருஷமும் அது தனிவட்டி. தவணை தொடங்கும் நாளில் சேர்ந்த வட்டி முழுவதும் அசலோடு சேர்ந்துவிடும், அதன்பின் வட்டிக்கும் வட்டி.

எங்கள் கணக்கையே காட்டுகிறேன். செமஸ்டருக்கு 75,000 வீதம் எட்டு தவணை. வட்டி ஏறி இறங்கும். கொரோனா நேரத்தில் ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டி, 4 சதவீதத்துக்கு இறங்கியது, 2023 பிப்ரவரியில் 6.5க்கு ஏறியது. நாம் 9 சதவீதம் என்று சீராக வைத்துக்கொள்வோம். ஐந்து வருஷம் ஒன்றுமே கட்டாமல் விட்டால் சேரும் வட்டி 1,75,500. அசல் 6 லட்சம் 7,75,500 ஆகிவிடும். பத்து வருஷத் தவணை என்றால் மாதம் 9,824. வட்டியை அவ்வப்போது கட்டிக்கொண்டே வந்திருந்தால் அசல் 6 லட்சமாகவே நிற்கும், தவணை மாதம் 7,600. பத்து வருஷத்தில் வித்தியாசம் 2,66,000க்கு மேல். முன்னால் 1,75,500 கட்டினால் பின்னால் அவ்வளவு குறைகிறது.

முதல் ஆறு மாதம் இந்த வட்டி மாதத்துக்கு வெறும் 563 ரூபாய்! பால் கணக்கை விடக் குறைவு. அப்புறம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் 563 கூடும். எட்டாவது செமஸ்டரில் மாதம் 4,500, அப்போது கொஞ்சம் மூச்சுத் திணறும். ஆனால் அதற்குள் பழகிவிடுகிறது. படிக்கும் காலத்தில் வட்டியை ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கு 1 சதவீதம் வட்டிச் சலுகையும் உண்டு. அது எங்களுக்குத் தானாக வரவில்லை, பாஸ்புக்கைக் காட்டிக் கேட்ட பிறகுதான் போட்டார்கள். 2020இல் நெசவுக்கூடம் மூடிக் கிடந்த ஏழு மாதம் எங்களால் கட்ட முடியவில்லை, அந்தக் காலத்துக்குச் சலுகையும் போயிற்று.

ஒவ்வொரு செமஸ்டரும் கட்டண அறிவிப்பையும் முந்தைய மதிப்பெண் பட்டியலையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மூன்றாவது செமஸ்டரில் மேலாளர் விடுப்பு, இன்னொருவருக்கு அதிகாரம் இல்லை என்று ஒன்பது நாள் இழுத்தார்கள். கல்லூரியில் தாமதக் கட்டணம் கட்டினோம். அதன்பின் கெடுவுக்கு மூன்று வாரம் முன்பே போய் நிற்பேன். காப்பீட்டுப் பாலிசி ஒன்றைக் கடனோடு சேர்த்துத் தலையில் கட்டப் பார்த்தார்கள். அது கட்டாயமா என்று எழுத்தில் கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது.

கடன் மாணவர் பெயரிலும் பெற்றோர் பெயரிலும் சேர்ந்துதான் இருக்கும். தவணை தவறினால் இருவர் சிபிலும், அதாவது அடுத்த கடனுக்கு வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்ணும், கெடும். பிள்ளையிடம் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நான் சொன்னேன். இரண்டாம் வருஷத்திலிருந்து மகளே மாதாமாதம் வட்டி எவ்வளவு என்று கேட்டு ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தாள்.

2023இல் படிப்பு முடிந்து பெங்களூரில் வேலை. ஒரு வருஷ அவகாசத்தை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. அக்டோபரிலிருந்தே மாதம் 20,000 அனுப்புகிறாள். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் எதுவும் இல்லை, இதில் வங்கியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2025 ஜூன் தவணைக்குப் பின் நிலுவை 2,49,000 சொச்சம்.

மதிப்பெண் கொடுக்கச் சொன்னால், கடன் திட்டத்துக்கு ஐந்துக்கு நாலரை தருவேன். அடமானம் இல்லாமல், நிலத்தை மாமனாரிடம் கேட்காமல், எங்களைப் போலக் கோட்டுக்கு 36,000 ரூபாய் அந்தப் பக்கம் நிற்கும் குடும்பத்தின் பிள்ளையைப் படிக்க வைக்க வேறு எந்தப் பணம் இருக்கிறது? வெளி வட்டிக்கு வாங்கியிருந்தால் நாங்கள் எழுந்திருக்கவே மாட்டோம். கிளையின் சேவைக்கு இரண்டு. அந்த இரண்டும் அந்த ஆந்திராப் பெண்ணுக்கு.

இப்போது விதி கொஞ்சம் இளகியிருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள தரமான கல்லூரிகளில் சேருகிறவர்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லை. வேறு உதவித்தொகை எதுவும் பெறாத, 8 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனில் படிப்புக் காலமும் அதன்பின் அவகாசக் காலமும் 3 சதவீத வட்டி மானியம். வருஷத்துக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்குத்தான், அதிலும் அரசு நிறுவனங்களில் தொழில்நுட்பப் படிப்பு படிப்பவர்களுக்கு முன்னுரிமை. எங்கள் கணக்கில் அது இருந்திருந்தால் 1,75,500 வட்டி 1,17,000 ஆகியிருக்கும்.

எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு இந்த வருஷம் அதே கல்லூரியில் இடம். அப்பா மளிகைக் கடை, வருமானம் 6 லட்சத்துக்குச் சற்று மேல். இணையத்தில் விண்ணப்பித்தாயிற்று, கிளையிலிருந்து இன்னும் அழைப்பு இல்லை. திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு சொல்லியிருக்கிறேன். 2012 சுற்றறிக்கையை மறுபடி அச்செடுத்து அவன் கோப்பில் முதல் தாளாக வைத்திருக்கிறேன்.